எல்லைக்காவல் வீரனும் திரைவீரனும்: அதிமனித வீரரின் உடை வடிவமைப்பு குறித்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மலேசியத் தமிழரின் பண்பாட்டு வரலாற்றை எழுத முற்படுவோர் பெரும்பாலும் ரப்பர்த் தோட்டங்களையே நோக்குகின்றனர். பகாங் மாநிலத்துக் கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்கள் அந்த அளவிற்குக் கவனம் பெறவில்லை. 1885இல் வில்லியம் கேமரன் தம் நில அளவைப் பயணத்தில் கண்டு குறித்த இம்மலைப்பகுதியில், 1929இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். செங்குத்தான சரிவுகளில் காடு திருத்தித் தேயிலை ஊன்றியவர்களுள் தமிழ்த் தொழிலாளரின் பங்கு பெரிது. அவர்கள் உழைப்பை மட்டும் கொண்டுவரவில்லை. தம் தெய்வங்களையும் உடன் அழைத்து வந்தனர். தோட்டத்தின் நடுவே மாரியம்மன், எல்லையிலே முனியாண்டி அல்லது மதுரை வீரன் என்பது மலேசியத் தோட்டங்கள் பலவற்றில் காணப்படும் அமைப்பாகும்.

எல்லையில் நிற்கும் அக்காவல் வீரனின் தோற்றத்தை எண்ணிப் பார்ப்போம். ஓங்கிய அரிவாள், முறுக்கிய மீசை, விரிந்த கண்கள், தலைப்பாகை, இடையில் இறுக்கிய கச்சை. சில இடங்களில் அருகே ஒரு குதிரை. மங்கிய விளக்கொளியில், மூடுபனிக்கு ஊடே பார்த்தாலும் அவன் யார் என்பதில் ஐயம் எழாது. இன்று ‘சூப்பர் ஹீரோ’ என வழங்கப்படும் அதிமனித வீரனுக்குத் திரைப்படத்தில் உடை வடிவமைப்போர் நாடுவதும் இத்தெளிவையே ஆகும்.

இவ்விரண்டிற்கும் இடையே உள்ள உறவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். வீரனின் உடை அவன் காக்கும் மண்ணிலிருந்தும் அம்மக்களின் புழங்குபொருள்களிலிருந்தும் உருவாகும்போதே பொருள் பொதிந்ததாகிறது என்பது நம் கருத்து. இதனை நிறுவ நான்கு வினாக்களை அளவுகோலாகக் கொள்வோம். உடை தொலைவிலிருந்து அடையாளம் காட்டுகிறதா? அணிந்தவர் தடையின்றி அசைய முடிகிறதா? முகத்தை அது என்ன செய்கிறது? இவன் யாருடைய வீரன் என்பதைச் சொல்கிறதா?

கொற்றவைக் கோலம்

மனித உடலை மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்ட உருவமாக ஒப்பனை செய்யும் முறைக்குத் தமிழில் கிடைக்கும் தொன்மையான விரிவான சான்றுகளுள் ஒன்று சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரி. எயினர் குடியின் வளம் குன்றியிருந்த வேளையில், அக்குடியின் குமரி ஒருத்தியைக் கொற்றவையாகக் கோலம் செய்கின்றனர். கூந்தலைப் பாம்பு போன்ற கயிற்றால் சுற்றிக் கட்டுகின்றனர். தோட்டப் பயிரை அழித்த பன்றியின் வளைந்த கொம்பைப் பிறைநிலவாகச் சூட்டுகின்றனர். புலிப்பல் கோத்த மாலை தாலியாகிறது. வரியும் புள்ளியும் உடைய விலங்கின் தோல் மேகலையாகிறது. கையில் வில்லைக் கொடுத்துக் கலைமான் மீது ஏற்றுகின்றனர்.

இக்கோலத்தில் வெளியிலிருந்து வாங்கப்பட்ட பொருள் எதுவும் இல்லை என்பது இங்கு நோக்கத்தக்கது. பாலை நிலத்து வேட்டுவர் நாள்தோறும் எதிர்கொண்ட விலங்குகளே தெய்வத்தின் அணிகளாயின. எந்தப் பன்றி பயிரை அழித்ததோ அதன் கொம்பே காக்கும் தெய்வத்தின் தலையணியாகிறது. அச்சம் தந்த ஒன்றை ஆற்றலின் அடையாளமாக மாற்றுவதே இவ்வடிவமைப்பின் உள்ளியல்பு. வௌவாலைக் கண்டு அஞ்சிய சிறுவன் வளர்ந்து வௌவால் உருவம் பூணும் அமெரிக்கப் படக்கதையின் அடிப்படையும் இதற்கு வெகு தொலைவில் இல்லை.

கூத்துமேடையில் வீரன்

தமிழகத்தின் வடபகுதியில் இன்றும் வாழும் தெருக்கூத்தில், கருணன், அருச்சுனன், துரியோதனன் போன்ற பெருவீரர்களின் ஒப்பனை ‘கட்டை வேடம்’ எனப்படும். கிரீடம், புயங்களில் அணியும் புயக்கட்டை, மார்புப் பதக்கம் ஆகியவை கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கப்படுபவை. இம்மரம் மிகவும் இலேசானது. கூத்து இரவு முழுவதும் நடைபெறுவதால், ஆடியும் பாடியும் சுழன்றும் நடிக்கும் கலைஞர் கனமான அணிகளைத் தாங்க இயலாது. செதுக்கிய மரத்தின்மீது வண்ணம் பூசிக் கண்ணாடித் துண்டுகளையும் பளபளக்கும் தாள்களையும் பதிக்கின்றனர். தீவட்டியின் சிறு ஒளியும் அவற்றில் பட்டுப் பலவாகச் சிதறும். தோளுக்கு அப்பால் நீளும் புயக்கட்டை உடலின் அகலத்தைக் கூட்டுகிறது. உயர்ந்த கிரீடம் உயரத்தைக் கூட்டுகிறது. இவ்வாறு, சராசரி உடலமைப்புக் கொண்ட உழவர் ஒருவர் மேடையில் பேருருவம் பெறுகிறார்.

கட்டை வேடக்காரர் மேடைக்கு வரும் முறையும் கருதத்தக்கது. இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று பாடிச் சிறிது சிறிதாகத் தம்மை வெளிப்படுத்துகிறார். முழு உருவமும் இறுதியிலேயே காட்சிக்கு வரும். அரங்கில் பயன்பட்ட மூவகை எழினிகளைச் சிலப்பதிகாரமே குறிப்பிடுவதால், திரையைக் கொண்டு காட்சியை ஒத்திவைக்கும் உத்தி நமக்குப் புதியதன்று. முதலில் காலணி, பிறகு மேலங்கி, கடைசியில் முகம் எனத் திரைப்படத்தில் வீரனை அறிமுகப்படுத்தும் முறையும் இவ்வுத்தியையே வேறு கருவியால் செய்கிறது எனலாம்.

நம் நான்கு வினாக்களுள் மூன்றாவதற்குக் கூத்து தந்த விடை தனித்தன்மை வாய்ந்தது. அது முகத்தை மூடவில்லை. வண்ணம் தீட்டி முகத்தைப் பெரிதாக்கியது. பிற்காலத் தமிழ்த் திரைப்படத்தைப் புரிந்துகொள்ள இவ்வேறுபாடு நமக்கு உதவும்.

மலைக்கள்ளனும் மதுரை வீரனும்

நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளையின் புதினத்தை அடிப்படையாகக் கொண்டு, கோவைப் பட்சிராஜா நிறுவனத்தின் சார்பில் எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு இயக்கிய ‘மலைக்கள்ளன்’ 1954இல் வெளிவந்தது. தேசியத் திரைப்பட விருதுகளில் குடியரசுத் தலைவரின் வெள்ளிப்பதக்கம் பெற்ற படம் இது. மலையில் மறைந்து வாழ்ந்து எளியோருக்கு உதவும் கள்வனாகவும், அப்துல் ரகீம் என்னும் வணிகராகவும் எம்.ஜி.ஆர். இதில் தோன்றினார். இரட்டை வாழ்க்கை, மறைவிடம், நீதிக்காகச் சட்டத்தை மீறுதல் ஆகிய அதிமனித வீரர் கதையின் கூறுகள் பலவும் இப்படத்தில் உள்ளன. ஆயினும் முழு முகமூடி இல்லை. தாடி, தொப்பி, தலைப்பாகை ஆகியவற்றாலேயே ஆள்மாறாட்டம் நிகழ்கிறது. கதைமாந்தர் ஏமாறுவர், பார்வையாளர் ஏமாறமாட்டார். தாம் விரும்பும் நடிகரின் முகத்தைக் காணவே மக்கள் திரையரங்கிற்கு வருகின்றனர் என்பதை உடை அமைத்தோர் நன்கு அறிந்திருந்தனர்.

1956இல் டி. யோகானந்த் இயக்கத்தில் வெளிவந்த ‘மதுரை வீரன்’ தோட்டத் தமிழருக்கு மேலும் நெருக்கமானது. செருப்புத் தைக்கும் தொழிலாளர் குடும்பத்தில் வளர்ந்து, படைத்தலைவனாக உயர்ந்து, மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு மாண்டு, தெய்வமான வீரனின் கதை அது. எல்லைக் கோயிலில் பலியேற்று நின்றவன், வெள்ளைத் திரையில் நடந்தும் வாள்வீசியும் பேசினான். திருவிழா நாள்களில் திடலில் திரைகட்டிப் படம் காட்டும் வழக்கம் நிலவிய மலாயாத் தோட்டச் சூழலில் கோயிலும் திரையும் ஒன்றுக்கொன்று அண்மையில் இருந்தன. தெய்வத்தின் தோற்றம் நடிகருக்கு உடையாயிற்று. அடுத்தடுத்த திருவிழாக்களில் சிலைக்குப் புதுவண்ணம் தீட்டியோர் நடிகரின் தோற்றத்தை எவ்வளவு உள்வாங்கினர் என்பது களஆய்வுக்கு உரிய ஒரு நல்ல வினா.

மேலைத் திரையில் ஏற்பட்ட வளர்ச்சி

அமெரிக்கப் படக்கதையில் 1938இல் தோன்றிய சூப்பர்மேனின் உடை வானத்திலிருந்து விழுந்ததன்று. உடலை ஒட்டிய ஆடையும் அதன்மேல் அணிந்த குட்டைக் காற்சட்டையும் அக்காலச் சர்க்கஸ் பலசாலிகளின் உடையிலிருந்து பெறப்பட்டவை. அமெரிக்க நகரத்து உழைக்கும் மக்கள் ஆற்றலைக் கண்ணால் கண்ட இடம் சர்க்கஸ் கூடாரம். அங்ஙனமாயின், அவ்வுடையும் அம்மக்களின் மண்ணில் விளைந்ததே.

அதனைத் திரைக்குக் கொண்டுவந்தபோது தொழில்நுட்பச் சிக்கல்கள் எழுந்தன. 1950களின் தொடக்கத்தில் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சித் தொடரில் சூப்பர்மேனாக நடித்த ஜார்ஜ் ரீவ்ஸ் முதலில் நீலமும் சிவப்பும் அணியவில்லை. பழுப்பும் சாம்பலுமான உடையையே அணிந்தார். ஒளிப்படக் கருவியில் அவ்வண்ணங்களே வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டின. கூத்துக் கலைஞர் தீவட்டிக்கு ஏற்பக் கண்ணாடி பதித்ததும் இதுவும் ஒரே அறிவின் இருவேறு வெளிப்பாடுகள். காட்சிக்கு எவ்வொளி கிடைக்கிறதோ அதற்கு ஏற்ப உடை அமைகிறது.

1989இல் வெளிவந்த ‘பேட்மேன்’ படத்திற்கு பாப் ரிங்வுட் வடிவமைத்த கறுப்பு நுரைரப்பர்க் கவசம் ஒரு திருப்புமுனையாகும். துணி உடை பின்தங்கிச் செதுக்கிய தசையமைப்புக் கொண்ட கவசம் முன்வந்தது. ஆனால், அதனை அணிந்த மைக்கேல் கீட்டனால் கழுத்தைத் தனியே திருப்ப இயலவில்லை; பக்கவாட்டில் பார்க்க முழு உடலையும் திருப்ப வேண்டியிருந்தது. 2008இல் வந்த ‘தி டார்க் நைட்’ படத்திலேயே லிண்டி ஹெமிங்கின் வடிவமைப்பில் தலைக்கவசம் தனியாகப் பிரிக்கப்பட்டது; கதையிலும் வீரன் தலையைத் திருப்பும் வசதியைக் கேட்டுப் பெறுகிறான். கல்யாண முருங்கையைத் தேர்ந்த கூத்துக் கலைஞர்கள் நெடுங்காலத்திற்கு முன்பே இரண்டாம் வினாவிற்கு விடை கண்டிருந்தனர் என்பதை இங்கு நினைவுகூரலாம்.

2018இல் வெளிவந்த ‘பிளாக் பாந்தர்’ நான்காம் வினாவை நடுவில் வைத்தது. உடை வடிவமைப்பாளர் ரூத் கார்ட்டர், சூலு இனப் பெண்டிரின் தலையணி, லெசோதோ மக்களின் கம்பளம், மாசாய், இந்தெபெலே மக்களின் அணிகள் ஆகியவற்றை ஆராய்ந்து பயன்படுத்தினார். அரசியின் தலையணி முப்பரிமாண அச்சு முறையில் உருவாக்கப்பட்டது. மரபும் புதிய தொழில்நுட்பமும் ஒன்றையொன்று விலக்கவில்லை. இப்படத்திற்காக 2019இல் அவருக்கு ஆஸ்கார் விருது வழங்கப்பட்டது.

சேவலும் வேலும் முகமூடியும்

இந்தியத் திரையில் இம்முயற்சி 2000களில் வேகம் பெற்றது. 2006இல் வந்த ‘கிரிஷ்’ என்னும் இந்திப் படத்தில், சிங்கப்பூர்ச் சர்க்கஸ் தீவிபத்தின்போது அணிந்த முகமூடியே வீரனின் அடையாளமாகிறது. அது பாதி முகத்தை மட்டுமே மறைத்தது.

தமிழில் சுசி கணேசன் இயக்கிய ‘கந்தசாமி’ 2009இல் வெளியானது. திருப்போரூர் முருகன் கோயில் மரத்தில் மக்கள் கட்டும் வேண்டுதல் கடிதங்களைப் படித்து, விக்ரம் ஏற்ற நாயகன் சேவல் உருவம் பூண்டு வந்து உதவுகிறான். முருகனின் கொடியிலுள்ள சேவலே உடைக்கு மூலம். 2011இல் எம். ராஜா இயக்கிய ‘வேலாயுதம்’ படத்தில் நாயகனின் பெயர் முருகனுக்கு உரியது. தலையை மூடிய முக்காட்டு உடையோ அயல்நாட்டு வீரக்கதைகளின் சாயலுடையது. முக்காடு நிழலைத் தந்தது. ஆனால் விஜயின் முகத்தை முழுவதும் மறைக்கவில்லை. 2012இல் மிஷ்கின் இயக்கிய ‘முகமூடி’ தன் பெயருக்கேற்ப முழு முகமூடியைத் துணிந்து ஏற்றது. அவ்வுடையின் வேர் குங்ஃபூ திரைப்படங்களிலும் மேலைக் கவச உடைகளிலும் இருந்தது. அப்படம் எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை.

இதனைக் கொண்டு, மண்சார்ந்த உடை வெல்லும், அயல் உடை தோற்கும் எனச் சூத்திரம் வகுப்பது ஆய்வுநெறி ஆகாது. திரைப்படத்தின் வெற்றி கதை, இயக்கம், வெளியீட்டுச் சூழல் எனப் பலவற்றைச் சார்ந்தது. ‘கந்தசாமி’யின் சேவலும் அனைவரையும் கவர்ந்துவிடவில்லை. நாம் கூற விழைவது இதுதான்: சேவல் உடையைக் கண்ட பார்வையாளர், இவன் ஏன் சேவலாக வந்தான் என்று கேட்கத் தேவையில்லை. முகமூடியைக் கண்டவருக்கு அவ்விளக்கத்தைப் படம் தனியே தரவேண்டியிருந்தது.

பல்லியும் பழந்தின்னி வௌவாலும்

மலேசியத் திரையிலும் இதற்கு ஒப்புமை உண்டு. கே.ஆர்.யூ. நிறுவனம் தயாரித்து யுஸ்ரி இயக்கிய ‘சிசாக்மான்’ 2006இல் வெளிவந்தது. சைஃபுல் அபேக் நடித்த இப்படத்தின் நாயகன் பல்லியின் ஆற்றலைப் பெறுகிறான். 2008இலும் 2015இலும் தொடர்ச்சிகள் வந்தன. 1998இல் தொலைக்காட்சி அசைபடமாகத் தொடங்கிய ‘கெலுவாங் மான்’ 2025இல் நடிகர்களைக் கொண்ட முழுநீளத் திரைப்படமாயிற்று. கெலுவாங் என்பது பழந்தின்னி வௌவால்.

சிலந்தியும் வௌவாலும் அமெரிக்கத் திரையில் வலம் வந்த காலத்தில், மலாய்ப் படைப்பாளர் தம் வீட்டுச் சுவரிலும் தோப்பிலும் காணும் உயிர்களைத் தேர்ந்தனர். இதில் எள்ளல் உண்டு. எனினும் அந்த எள்ளலின் அடியில் உரிமை உணர்வும் உண்டு. பல்லி சொல்லுக்குப் பலன் பார்க்கும் தமிழ்க் குடும்பங்களும் அவ்வீரனை அயலானாகக் கருதியிருக்க இயலாது.

தையற்காரரும் ஊர்த்தெய்வமும்

பேசில் ஜோசப் இயக்கி 2021இல் வெளிவந்த ‘மின்னல் முரளி’ என்னும் மலையாளப் படத்தின் நாயகன் தொழிலால் தையற்காரன் என்பது நம் பொருளுக்கு நேரடியாகத் தொடர்புடையது. மின்னல் தாக்கி ஆற்றல் பெற்ற அவன் தொடக்கத்தில் அணிவது வேட்டியும் முகத்தைச் சுற்றிய துணியுமே. முறையான வீர உடை பிறகே வருகிறது. அதே மின்னலால் ஆற்றல் பெற்று எதிர்நாயகனாகும் ஷிபு, ஊரார் வேற்றாளாக ஒதுக்கிய தமிழன். குரு சோமசுந்தரம் அப்பாத்திரத்தை ஏற்றார். அவன் இறுதியில் பூணுவது வயலில் நிற்கும் சோளக்கொல்லைப் பொம்மையின் கோலம். ஒருவனை ஊர் ஏற்றது, மற்றவனை விரட்டியது. இவ்வேறுபாட்டை இருவரின் உடைகளே சொல்லிவிடுகின்றன.

2023இல் ஏ.ஆர்.கே. சரவண் இயக்கத்தில் வந்த ‘வீரன்’ படத்தில், ஹிப்ஹாப் தமிழா ஆதி ஏற்ற நாயகன் தன் ஊர்க்காவல் தெய்வமான வீரனின் கோலத்தையே அணிந்து குதிரையேறி ஊரைக் காக்க முனைகிறான். 1956இல் தெய்வத்தின் கதையை நடித்த தமிழ்த்திரை, 2023இல் அதிமனித வீரனுக்குத் தெய்வத்தின் உடையை அணிவித்தது. எல்லைக் கோயிலிலிருந்து புறப்பட்ட வடிவம் ஒரு சுற்று வந்து மீண்டும் அங்கேயே சேர்ந்தது எனலாம்.

தேயிலை மலையில் எஞ்சியிருப்பவை

இனி நாம் தொடங்கிய இடத்திற்குத் திரும்புவோம். கேமரன் மலைத் தோட்டங்களிலிருந்து ஒரு வீரன் எழுவதாயின் அவனுக்கோ அவளுக்கோ எவ்வுடை பொருந்தும்? முதுகில் தொங்கும் கொழுந்துக் கூடை, அதன் பாரத்தை நெற்றியில் தாங்கும் பட்டை, குளிருக்கும் வெயிலுக்குமான தலைத்துணி, பனியீரம் படாமல் இடையில் கட்டிய மறைப்பு ஆகியவை அம்மண்ணின் புழங்குபொருள்கள். மூடுபனியில் அசையும் கூடை சுமந்த பெண்ணின் உருவரை எந்த வடிவமைப்பாளரும் வரையத் தகுந்த தெளிவுடையது. வேட்டுவக் குமரிக்குப் பன்றிக்கொம்பு எப்படியோ, இவர்களுக்குக் கூடைப்பட்டை அப்படி. வருத்திய பொருளே ஆற்றலின் சின்னமாக மாறக்கூடும்.

ஆனால் இப்பொருள்கள் மறைந்து வருகின்றன. கையால் கொழுந்து கொய்த இடங்களில் கத்தரியும் கொய்யும் இயந்திரமும் வந்துவிட்டன. தமிழ்க் குடும்பங்கள் பல தானா ராத்தா, ரிங்லெட், பிரிஞ்சாங் ஆகிய சிற்றூர்களுக்கும் சமவெளி நகரங்களுக்கும் பெயர்ந்துவிட்டன. சரிவுகளில் இன்று வேலை செய்வோருள் அயல்நாட்டுத் தொழிலாளர் மிகுதி. பிரிஞ்சாங்கில் உள்ள தெண்டாயுதபாணி ஆலயம் போன்ற பெரிய கோயில்கள் நிலைத்திருக்கும்; எல்லையோரச் சிறு கோயில்களுக்கு அந்த உறுதி இல்லை. மக்கள் பெயர்ந்தபின் ஆண்டுதோறும் புதுவண்ணம் தீட்டவும் தெய்வத்திற்குச் சிவப்புத் துணி தைத்துச் சாத்தவும் ஆளில்லாமல் போகும். திரைப்பட உடைக்கு வடிவமைப்பாளரின் பெயர் ஏட்டில் பதிவாகிறது. காவல் வீரனின் மீசையையும் தலைப்பாகையையும் வடித்த கைகளுக்கு அத்தகைய பதிவு எதுவும் இல்லை.

முடிவுரை

அதிமனித வீரனின் உடை என்பது சிறுவர் கேளிக்கைக்கு உரிய சிறுபொருள் அன்று. வேட்டுவ வரியின் கொற்றவைக் கோலம், தெருக்கூத்தின் கட்டை வேடம், எல்லைக் கோயிலின் காவல் வீரன், திரையின் மலைக்கள்ளனும் மதுரை வீரனும், அண்மைக்கால வீரனும் ஒரே தேடலின் பல நிலைகள். தம்மைக் காக்க வருபவர் தம்மவராகத் தோன்ற வேண்டும் என்ற மக்களின் எதிர்பார்ப்பே அத்தேடல். தொழில்நுட்பத்தை எங்கிருந்தும் பெறலாம், பெறவும் வேண்டும். ‘யாருடைய வீரன்’ என்னும் வினாவிற்கான விடையை மட்டும் இரவல் பெற இயலாது.

ஆகவே, கேமரன் மலைத் தோட்டங்களில் எஞ்சியுள்ள காவல் தெய்வ உருவங்கள், அவற்றின் ஆடை அணிகள், பழைய தொழில் உடைகள், கூடைகள் ஆகியவற்றை அளவுகளோடும் ஒளிப்படங்களோடும் பதிவு செய்வதும், அவற்றை உருவாக்கியோரின் வாய்மொழி வரலாற்றைத் திரட்டுவதும் நம் மாணவர் உடனடியாக மேற்கொள்ளத்தக்க ஆய்வுப் பணிகளாகும். சிலைக்குத் துணி தைத்த முதியவர்கள் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்களிடம் கேட்கவேண்டியவற்றை இப்போதே கேட்டு எழுதிவைப்போமாயின், நாளைய மலேசியத் தமிழ்ப் படைப்பாளி ஒருவர் தம் வீரனுக்கு உடை தேடும்போது வெறுங்கையோடு திரும்ப நேராது.